கரும்பு தின்னக் கூலியா? நேரலை நடத்துவது வேலைக் கணக்கில் வருமா

இரவுவிளக்கு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடமாக விளையாட்டு நேரலை நடத்துகிறேன், அதாவது நான் கம்ப்யூட்டரில் கேம் ஆடுவதை இணையத்தில் நேரடியாகப் பார்ப்பார்கள். வாரத்தில் ஐந்து நாள், இரவு ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை. வாடகையும் மற்ற செலவுகளும் இந்த வருமானத்தில்தான் ஓடுகின்றன. போன வாரம் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடிய இடத்தில் ஒருவர், "தம்பி என்ன பண்றீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா, "அவன் சும்மாதான் இருக்கான், கம்ப்யூட்டர்ல விளையாடுவான்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். கேட்டவரும், "கவலைப்படாதீங்க, சீக்கிரம் ஏதாவது அமையும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கோபம் வரவில்லை. ஆனால் அன்று இரவு சாட்டில் யாரோ "உங்க வேலை செம ப்ரோ" என்று எழுத, எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது. இது வேலைதானா? நேர்மையாகச் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டிக் கேட்கவில்லை.

மூட்டைக்காரன் எழுதியது:

நேர்மையாகக் கேட்டதால் நேர்மையாகவே சொல்கிறேன் தம்பி. இல்லை.

நான் கிடங்கில் வேலை பார்க்கிறேன். பத்து மணி நேரம் நின்றபடி. நாளைக்கு நான் போகாவிட்டால் இரண்டு லாரி சரக்கு இறங்காமல் நிற்கும். நாளைக்கு நீங்கள் லைவ் போடாவிட்டால் என்ன ஆகும்? பார்க்கிறவன் பக்கத்துச் சேனலுக்குப் போவான். அவ்வளவுதான்.

பிடித்ததைச் செய்கிறீர்கள், காசும் வருகிறது. நல்லது, அனுபவியுங்கள். ஆனால் கரும்பு தின்னக் கூலி வாங்கிக்கொண்டு, அதற்கு உழைப்பு என்று பெயரும் வேண்டுமென்றால் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது.

கடைசிபெஞ்ச் எழுதியது:

கரும்பை நாலு மணி நேரம் கேமரா முன்னால் சிரித்துக்கொண்டே தின்றுபாருங்கள் அண்ணா, வாரம் ஐந்து நாள். பல் போய்விடும்.

பேரேடு எழுதியது:

முப்பது வருடம் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தச் சந்தேகம் வரித்துறைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. விளம்பரப் பங்கு, சந்தா, நன்கொடை, நிறுவனம் அனுப்பிவைக்கும் இலவசப் பொருள் என்று எல்லாவற்றையும் அவர்கள் தெளிவாக வருமானம் என்றே எழுதுகிறார்கள்.

மூட்டைக்காரன் எழுதியது:

ஐயா, லாட்டரி விழுந்தாலும் வரி உண்டு. லாட்டரி வாங்குவது வேலையா?

பேரேடு எழுதியது:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். வாபஸ் வாங்குகிறேன். வரி கட்டுவது வருமானத்துக்குச் சாட்சி, வேலைக்குச் சாட்சி அல்ல.

அப்படியானால் இன்னும் உறுதியான இடத்துக்குப் போவோம். 2013இல் ஜெனீவாவில் உலகத் தொழிலாளர் அமைப்பு கூட்டிய புள்ளியியலாளர் மாநாடு, எது வேலை என்பதற்கு ஒரு வரையறை செய்தது. பிறர் பயன்பாட்டுக்கோ தன் பயன்பாட்டுக்கோ ஒரு பொருளை ஆக்கவோ ஒரு சேவையைத் தரவோ செய்யும் எந்தச் செயலும் வேலை. கூலி உண்டா, பிடிக்குமா, வியர்த்ததா என்ற கேள்விகள் அதில் இல்லை. கூலிக்கோ லாபத்துக்கோ செய்தால் அதை மட்டும் தனியாக ‘எம்ப்ளாய்மென்ட்’ என்ற பெட்டிக்குள் வைத்தார்கள். வீட்டில் சமைப்பதும் குழந்தை வளர்ப்பதும் அந்தப் பெட்டிக்கு வெளியே, ஆனால் வேலைக்கு உள்ளே.

லாட்டரிக்காரர் யாருக்கும் எதையும் ஆக்கித் தரவில்லை. இரவுவிளக்கு தருகிறார், நான்கு மணி நேரப் பொழுதுபோக்கு. அது அற்பமானது என்று நீங்கள் சொல்லலாம். அற்பமான வேலையும் வேலைதானே.

ஓரெழுத்து எழுதியது:

இந்தச் சண்டை பழையது. 1776இல் ஆடம் ஸ்மித் உழைப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ‘பயன் ஆக்காத உழைப்பு’ என்று பெயர் வைத்தார். அந்தப் பட்டியலில் நடிகர், கோமாளி, இசைக்காரர், நடனக்காரர் எல்லாரும் உண்டு. செய்த நொடியிலேயே இவர்களின் உழைப்பு கரைந்துவிடுகிறது, பின்னால் விற்க எதுவும் மிஞ்சுவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். வேடிக்கை என்னவென்றால் அதே பட்டியலில் வக்கீலும் மருத்துவரும் பாதிரியாரும்கூட இருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் அந்தக் கறை எப்போதோ கழன்றுவிட்டது. கூத்தாடி என்பது மட்டும் இன்றைக்கும் வசைச்சொல்லாகவே புழங்குகிறது. இன்னொன்று: நேரலை கரைவதில்லை. பதிவாகிறது, துண்டு துண்டாக வெட்டப்படுகிறது, தூங்கும்போதும் ஓடுகிறது. ஸ்மித் போட்ட கணக்குப்படியே இது மறுபக்கத்துக்குத் தாவிவிடும்போலிருக்கிறது.

அப்புறம், நாம் எல்லாவற்றையும் ‘வேலை’ என்ற ஒரே சொல்லில் திணிக்கிறோம். உழைப்பு வேறு, தொழில் வேறு, உத்தியோகம் வேறு, பிழைப்பு வேறு. சித்தப்பா மனதில் இருப்பது உத்தியோகம். அது இரவுவிளக்குக்கு இல்லைதான். பிழைப்பு இருக்கிறது. தொழிலா என்றால், கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா, திறமையானவனுக்கும் அரைகுறைக்கும் வித்தியாசம் தெரியுமா என்று பார்க்க வேண்டும்.

(சம்பந்தமில்லாத தகவல்: பழைய தமிழில் வேலை என்றால் கடல். கரை தெரியாதது என்ற அளவில் பொருத்தம்தான்.)

வெட்டுக்கத்தி எழுதியது:

வித்தியாசம் தெரியுமா என்று கேட்டதால் சொல்கிறேன். நேரலை நடத்தும் ஸ்ட்ரீமர்களுக்கு வீடியோ வெட்டித் தருவது என் தொழில். ஒருவர் நடத்திய நாலு மணி நேர லைவ் முழுவதையும் அவரைவிட அதிகமுறை பார்ப்பவன் நான்.

அரைகுறை ஆள் விளையாடுவார். தேர்ந்தவர் விளையாட்டைக் கையிடம் விட்டுவிட்டு வாயால் வேறொன்று செய்துகொண்டிருப்பார். ஒரு கண் ஆட்டத்தில், இன்னொன்று சாட்டில். பாதி வாக்கியம் பேசும்போதே புதிதாக வந்தவரின் பெயரைச் சொல்லி வரவேற்று, விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தை முடிப்பார். தான் பேசியது பார்ப்பவருக்குச் சில நொடி கழித்துத்தான் போய்ச்சேரும் என்பதால், கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அந்த இடைவெளியை நிரப்பத் தெரிந்திருக்கும். பத்து நொடி மௌனம் விழுந்தால் ஆள் கழன்றுவிடுவார்கள். ஃப்ரேம் டிராப் ஆகிப் படம் விட்டுவிட்டு ஓடுகிறது, மைக்கில் இரைச்சல் வருகிறது, ஒருத்தன் சாட்டில் அம்மாவை இழுத்துத் திட்டுகிறான். முகத்தில் எதுவும் தெரியக்கூடாது.

எல்லாவற்றிலும் கடினமானது எது தெரியுமா? ஆரம்பத்தில் யாருமே பார்க்காத மாதங்கள். பார்வையாளர் எண்ணிக்கை சைபர் என்று திரை சொல்லும். ஆனாலும் நூறு பேர் இருப்பதுபோல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஏனென்றால் நூற்றில் ஒருவர் உள்ளே நுழையும் அந்த நொடியில் நீங்கள் ஊமையாக உட்கார்ந்திருந்தால் அவரும் போய்விடுவார். காலியான அறையில் மூன்று மாதம் சிரித்துப் பேசிப் பழகியவரைப் பார்த்திருக்கிறேன். அதைக் கரும்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேமரா அணைந்த பிறகு நடப்பது தனி. எதை கிளிப்பாக வெட்டுவது, தம்ப்நெயில், தலைப்பு, விளம்பரம் கொடுப்பவருக்கு மின்னஞ்சல், வராத பணத்துக்கு நினைவூட்டல். நான் வேலை செய்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு மணி நேர லைவுக்கு வெளியே இன்னொரு மணி நேரமாவது போகிறது.

மூட்டைக்காரன் எழுதியது:

சரி. காலியான அறையில் பேசுகிற விஷயம் எனக்குத் தெரியாது. அதற்காக ஒரு படி இறங்கி வருகிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. எனக்கு மேலாளர் உண்டு, சண்டை போட ஆள் உண்டு. முதுகு பிடித்தால் விடுப்பு. கை நசுங்கினால் இழப்பீடு. உங்களுக்கு யார் முதலாளி? காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வீர்கள்?

இரவுவிளக்கு எழுதியது:

காய்ச்சல் வந்தால் சாட்டில் சொல்வேன் அண்ணா. ‘கெட் வெல் சூன்’ என்று இதயம் போடுவார்கள். அடுத்த வாரம் திரும்பி வரும்போது கூட்டத்தில் கால்வாசி இருக்காது.

முதலாளி யார் என்பதுதான் எனக்கும் புரியாதது. பார்ப்பவர்கள் என்று நினைப்பேன். ஆனால் விதியை மாற்றுவது தளம். யூடியூப் 2007இலேயே படைப்பாளிகளோடு வருமானத்தைப் பகிர ஆரம்பித்தது. 2018இல், ஆயிரம் சப்ஸ்க்ரைபரும் ஒரு வருடத்தில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் இருந்தால்தான் விளம்பரப் பணம் என்று வரம்பு வைத்தார்கள். அதுவரை கொஞ்சமாவது வாங்கிக்கொண்டிருந்த எத்தனையோ சின்னச் சேனல்களுக்கு அந்தப் பணம் நின்றது. யாரும் தவறு செய்யவில்லை. ஓட்டத்தின் நடுவே எல்லைக்கோட்டைத் தள்ளி வைத்தார்கள்.

மைக்ரோசாஃப்ட் நடத்திய மிக்ஸர் என்ற நேரலைத் தளத்தின் கதை இன்னும் மோசம். 2019இல் நிஞ்சா என்ற பெரிய ஸ்ட்ரீமரைப் பேசி அங்கே இழுத்தார்கள், உலகமே பேசியது. 2020 ஜூனில் மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள், ஜூலையில் மூடிவிட்டார்கள். நிஞ்சா போன்றவர்களுக்குப் போக இடம் இருந்தது. அங்கே இருநூறு பேரைச் சேர்த்து வைத்திருந்தவனுக்கு ஒரு மாத நோட்டீஸ்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

இதையெல்லாம் படித்த பிறகு, இது வேலை என்று நிரூபித்ததில் யாருக்கு லாபம் என்று தெரியவில்லை.

வாய்தா எழுதியது:

லாபம் இருக்கிறது. சட்டத்தில் ஒரு விஷயம் வேலை என்று ஆனால்தான் அதற்குள் பாதுகாப்பு நுழையும்.

பிரான்ஸ் 2020 அக்டோபரில் ஒரு சட்டம் போட்டது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வைத்துப் பெற்றோர் வீடியோ எடுத்து வருமானம் பார்ப்பது பற்றி. திரைப்படத்தில் நடிக்கும் குழந்தைகளுக்கு இருக்கும் பாதுகாப்பை இவர்களுக்கும் நீட்டினார்கள். அரசின் அனுமதி வாங்க வேண்டும், வருமானத்தில் ஒரு பகுதியைப் பிள்ளை பெரியவனாகும்வரை தொடாமல் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் குழந்தை சிரிக்கிற வீடியோதான் அது. குழந்தை விளையாடிக்கொண்டிருந்ததா, வேலை செய்துகொண்டிருந்ததா? குழந்தைக்கே தெரியாது. அதனால்தான் சட்டம் வர வேண்டியிருந்தது.

‘விளையாட்டுதானே’ என்ற வார்த்தை யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள். பணம் கொடுக்க வேண்டியவருக்கு.

ஜெர்மனியில் 2019இல் ஐஜி மெட்டால் என்ற உலோகத் தொழிலாளர் சங்கம் யூடியூபர்களோடு கைகோத்து ஃபேர்டியூப் என்ற இயக்கத்தைத் தொடங்கியது. உலோகத் தொழிலாளர் சங்கம்! மூட்டைக்காரன் அண்ணா கவனிக்க. எங்கள் வீடியோவை எந்த விதிப்படி தள்ளுகிறீர்கள், எங்களோடு பேச ஒரு மனிதரை வையுங்கள் என்பதுதான் கோரிக்கையின் சாரம். ‘சண்டை போட ஆள்’ என்று நீங்கள் சொன்னீர்களே, அதே.

மூட்டைக்காரன் எழுதியது:

உலோகச் சங்கமா? இது எனக்குத் தெரியாது.

சரி தம்பி, வேலை என்று ஒத்துக்கொள்கிறேன். நல்ல வேலை என்று ஒத்துக்கொள்ளவில்லை. ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் 2021இல் யாருக்கு எவ்வளவு போனது என்ற பட்டியல் கசிந்தபோது நானும் பார்த்தேன். மேலே சிலருக்குக் கோடிக்கணக்கில், கீழே போகப்போக ஒன்றுமில்லை. எங்கள் கிடங்கில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் அவ்வளவு தூரம் இல்லை. சூதாட்ட மேசையில் உட்கார்ந்து உழைப்பதுபோல் இருக்கிறது.

வெட்டுக்கத்தி எழுதியது:

இதில் எனக்கு மறுப்பு இல்லை.

பச்சைவாள் எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

இரவுவிளக்கு அண்ணா, உங்கள் சாட்டைக் கண்காணிக்கும் மாடரேட்டராகப் பச்சை வாள் சின்னம் வைத்திருக்கும் நால்வரில் நானும் ஒருத்தி. இரண்டு வருடம் ஆகிறது. இந்த இழை முழுவதும் நீங்கள் செய்வது வேலையா என்று பேசினீர்கள். நான் செய்வது என்ன?

நீங்கள் ஒன்பது மணிக்கு வந்தால் நான் எட்டே முக்காலுக்கு வருகிறேன். சாட்டில் வரும் அசிங்கம் உங்கள் கண்ணில் படக்கூடாது என்பதால் முதலில் என் கண்ணில் படுகிறது. நீங்கள் முகத்தில் காட்டாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம், அந்த அசிங்கத்தில் பாதி உங்கள் கண்ணுக்கு வருவதே இல்லை. போன மழைக்காலத்தில் ஒரு பையன் இனி வாழப்பிடிக்கவில்லை என்று எழுதினான். செய்தியை மறைத்துவிட்டு அவனைத் தனியாக அழைத்துப் பேசினேன். நீங்கள் ஒரு மணிக்கு அணைத்துவிட்டுத் தூங்கப் போனீர்கள். அவன் தன் அக்காவை எழுப்பிவிட்டேன் என்று சொல்லும்வரை, மூன்றரை மணிவரை, நான் இருந்தேன். மறுநாள் எனக்கு எட்டு மணிக்கு வகுப்பு.

குறை சொல்லவில்லை. எனக்குப் பிடித்துத்தான் செய்கிறேன். ஆனால் பிடித்துச் செய்தாலும் வேலைதான் என்று இங்கே எல்லாரும் சேர்ந்து நிரூபித்துவிட்டீர்கள். அதனால் கேட்கிறேன்.

பேரேடு எழுதியது:

அம்மா, இந்தக் கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. தொண்ணூறுகளில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் தன் அரட்டை அறைகளைக் கவனிக்க ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்திருந்தது. சம்பளம் இல்லை, கைம்மாறாக இணைய இணைப்பில் சலுகை. ஆனால் பயிற்சி உண்டு, நேரம் குறித்துக்கொடுக்க வேண்டும், அறிக்கை எழுத வேண்டும். 1999இல் முன்னாள் தன்னார்வலர்கள் சிலர், நாங்கள் ஊழியர்கள்தான் என்று வழக்குப் போட்டார்கள். பதினோரு வருடம் இழுத்து, 2010இல் நிறுவனம் ஒன்றரைக் கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் ஆனது. சமரசம் என்பதால் ‘ஊழியர்தான்’ என்று தீர்ப்பு வரவில்லை.

நான் முன்பு சொன்ன 2013 வரையறையில் சம்பளமில்லாத தன்னார்வ உழைப்புக்கும் தனி இடம் உண்டு. ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: ஆம், வேலை.

இரவுவிளக்கு எழுதியது:

நேற்று இரவே படித்தேன். பதில் எழுத வரவில்லை. அந்தப் பையன் விஷயம் எனக்குத் தெரியாது.

இதுவரை யாராவது மாடரேட்டர்களைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். "நம்ம பசங்க, சும்மா ஹெல்ப் பண்றாங்க." இதுதான் சொல்வேன். சித்தப்பா பயன்படுத்திய அதே ‘சும்மா’.

இந்த மாதத்திலிருந்து வருமானத்தில் ஒரு பங்கை நால்வருக்கும் பிரித்துத் தருகிறேன். எவ்வளவு என்று பேசி முடிவு செய்வோம்.

பச்சைவாள் எழுதியது:

காசு மற்ற மூவருக்கும் வேண்டியிருக்கும், அவர்களிடம் கேளுங்கள். எனக்கு வேண்டாம். நீங்கள் காசு கொடுத்தால் முதலாளி ஆகிவிடுவீர்கள். இப்போதைக்கு அண்ணாவாக இருப்பது எனக்கு வசதி.

எனக்கு வேண்டியது இரண்டு. வெள்ளிக்கிழமை விடுப்பு, யார் எந்த நாள் என்று ஒரு அட்டவணையோடு. அப்புறம் அந்த ஒரு ஆள். யாரென்று உங்களுக்குத் தெரியும். பெண் பெயரில் யார் வந்தாலும் வழிகிறவர். மூன்று முறை தடை செய்தேன், மூன்று முறையும் மறுநாள் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். பெரிய டோனேஷன் போடுகிறவர் என்பதால்.

மூட்டைக்காரன் எழுதியது:

தம்பி, பதில்?

இரவுவிளக்கு எழுதியது:

மாத வருமானத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அவரிடமிருந்துதான் வருகிறது. இதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

பத்து நிமிடத்துக்கு முன் தடை செய்துவிட்டேன். அட்டவணையும் போட்டாகிவிட்டது, நால்வருக்கும் அனுப்பியிருக்கிறேன். இன்று வெள்ளி. பச்சைவாளுக்கு விடுப்பு.

கடைசிபெஞ்ச் எழுதியது:

அப்படியானால் இன்றைக்கு ஒரு வாள் காலியாக இருக்கிறதே. எனக்குக் கிடைக்குமா?

இரவுவிளக்கு எழுதியது:

எட்டே முக்காலுக்கு வந்துவிடு. தாமதம் கூடாது.